தாயம் விழாத பஸ்

திருவிழா அன்று காலையில் கொக்கரையூர் பஸ் கோயிலுக்குப் போகவில்லை. முதலாளியம்மா ஏறி வந்த பஸ் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. ஊர் மொத்தமும் வெயிலில் நின்றது. காரணம் ஒரு விளையாட்டு. அதுவும் மரியாதை கற்றுக்கொடுக்கிற விளையாட்டு.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் என்னென்னவோ சொல்வார்கள். பாதி பொய். மீதியைக் கேளுங்கள்.

தொடக்கம் வீரபத்திரன். தில்லைநாயகி அம்மாள் பஸ் சர்வீஸில் கண்டக்டர். "உள்ள போய்யா, பஸ்ஸு என்ன உங்க அப்பன் வாங்கி விட்டதா?" என்பது அவனுடைய காலை வணக்கம். சில்லறை இல்லை என்றவரை நட்டநடு வாய்க்கால் பாலத்தில் இறக்கிவிட்டவன். தொந்தி பெருத்த தாசில்தாரிடம் ரெண்டு டிக்கெட் கேட்டவன். கொஞ்சம் கொஞ்சமாக ஜனங்கள் அந்த பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டார்கள். வெறும் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் வந்தது.

தில்லைநாயகி அம்மாள் அரங்கநாயகத்துக்கு ஆள் அனுப்பினார். அரங்கநாயகம் அதே சர்வீஸில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வீரபத்திரனுக்கு மாமனார்.

"திருவிழா வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள உங்க மாப்பிள்ளை மரியாதையாப் பேசக் கத்துக்கணும். இல்லேன்னா அனுப்பிடுவேன்."

அரங்கநாயகம் கலங்கிப்போனார். மகளின் குடும்பம் என்ன ஆகுமோ என்று கலங்கினார் என நினைக்காதீர்கள். மகள் டீச்சர், கெட்டிக்காரி, தன் சம்பளத்தில் ஜோராக இருக்கிறாள். விஷயம் வேறு. வேலை போனால் வீரபத்திரன் மாமனார் வீட்டுக்கு வந்துவிடுவான். போன தடவை அப்படி வந்தவன் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தான். சாய்வு நாற்காலி அவனுக்கு. ஃபேன் அவன் பக்கம். தயிரில் ஏடு அவனுக்கு. டி.வி. ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். அரங்கநாயகம் மாட்டுக் கொட்டகையில் படுத்தார். மாடு முறைத்தது.

"கத்துக்கொடுத்துடலாம்மா," என்றார் அரங்கநாயகம், அவசரமாக.

வழி ஏற்கெனவே கையில் இருந்தது. கொஞ்ச நாள் முன்பு பட்டணத்திலிருந்து டை கட்டிய பயிற்சியாளர் ஒருவர் டெப்போவுக்கு வந்து பகல் முழுக்கப் பேசினார். பணிவு, பொறுமை, காது கொடுத்துக் கேட்பது, கூடி வேலை செய்வது எல்லாவற்றுக்கும் சேர்த்து சாஃப்ட் ஸ்கில் என்று பேர் சொன்னார். அதைப் பேசிப் புரியவைக்க முடியாதாம். ஆடிப் பழக வேண்டுமாம். அந்த ஆட்டத்துக்கு சீரியஸ் கேம் என்று பேராம். உங்கள் ஊருக்கு ஏற்ற ஆட்டத்தை நீங்களே வடிவமையுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். வீரபத்திரன் பஸ். அதற்கப்புறம் அவர் வரவேயில்லை.

அவர் சொன்னது ஒவ்வொன்றும் அரங்கநாயகத்துக்கு மனப்பாடம். எங்கள் ஊரில் புத்திதான் கொஞ்சம் மட்டு. ஞாபகசக்திக்குக் குறைச்சலே கிடையாது.

அரங்கநாயகம் ஒரு குழு போட்டார். போர்டு எழுதுகிற மாசிலாமணி. தச்சுவேலை இருளப்பன். டெப்போ வாசலில் இட்லிக்கடை வைத்திருக்கும் பஞ்சவர்ணம். பஞ்சவர்ணம் எங்கே போனாலும் அவளுடைய வெள்ளாடு பின்னாலேயே வரும். அதுவும் வந்தது. 

"ஊருக்கு ஆட்டம் செய்யறதுக்கு முன்னாடி நாம ஆடிப் பார்க்கணும். அந்த சார் சொல்லியிருக்காரு," என்றார் அரங்கநாயகம். "முதல்ல ஒண்ணு சொல்லிட்டேன். இது சீரியஸ் கேம். யாரும் சிரிக்கக் கூடாது."

மாசிலாமணி கை தூக்கினான். "அண்ணே, மரியாதைன்னா புன்சிரிப்பும் உண்டுன்னாரே அவரு?"

குழு யோசித்தது. ரொம்ப நேரம் யோசித்தது.

"பல்லு தெரியாம சிரிக்கலாம்," என்று இருளப்பன் தீர்ப்புச் சொன்னான்.

"சந்தோஷம் வந்துட்டா?"

"வரக் கூடாது."

சரி என்று முடிவாயிற்று.

முதல் வெள்ளோட்டம் இட்லிக்கடையில். காது கொடுத்துக் கேட்கிற ஆட்டம். ஒருவர் பேசி முடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தோல்வி. பேச வேண்டியவர் பஞ்சவர்ணம்.

பஞ்சவர்ணம் தன் நாத்தனார் சங்கதியை ஆரம்பித்தாள். அது கல்யாணத்தில் தொடங்கி, வளைகாப்புக்கு வந்து, ஒரு வெண்கலப் பானைக்குள் புகுந்தது. அதற்குள் அவளுக்குப் பின்னால் இட்லிக் கொப்பரையில் தண்ணீர் வற்றிவிட்டது. புகை கிளம்பியது. மூவரும் பார்த்தார்கள். துணி கருகியது. அதையும் பார்த்தார்கள். ஒரு பொறி கூரையில் போய் உட்கார்ந்தது. அரங்கநாயகம் கண்ணால் ஜாடை காட்டினார்.

"என்னைப் பார்த்துக் கண்ணடிக்காதீங்கண்ணே, நான் வயசானவ," என்று சொல்லிவிட்டு அவள் வெண்கலப் பானைக்கே திரும்பினாள்.

கூரையிலிருந்து கங்கு ஒன்று இருளப்பன் காலில் விழுந்தது. "ஆத்தா!" என்றான். அவன் அவுட். மாசிலாமணிக்கு இருமல் வந்துவிட்டது. அவனும் அவுட். அரங்கநாயகம் தும்மினார்.

பானைக் கதை முடிந்தபோது பாதிக் கூரை இல்லை.

"அட பாவிங்களா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ எங்க முடிச்ச?" என்றார் அரங்கநாயகம்.

பஞ்சவர்ணம் யோசித்தாள். "அதுவும் சரிதான்."

கடைசி வரைக்கும் வாயே திறக்காமல் கேட்டது ஆடு மட்டும்தான். விதி விதிதான். மாசிலாமணி கரி படிந்த சுவரில் சாக்கட்டியால் எழுதினான்: முதலிடம், ஆடு.

அடுத்தது நம்பிக்கை ஆட்டம். கூட்டாளிகள் தாங்கிப் பிடிப்பார்கள் என்று முழுசாக நம்பி, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். குழுவில் எல்லாரும் செய்ய வேண்டும் என்று அந்த சார் அழுத்திச் சொல்லியிருந்தார். நால்வரும் நின்றார்கள். கண்ணை மூடினார்கள். அரங்கநாயகம் "ம்" என்றார். நால்வரும் சாய்ந்தார்கள்.

நம்பிக்கையில் குறையே சொல்ல முடியாது. பிடிக்கத்தான் ஆள் இல்லை.

"அண்ணே," என்றான் இருளப்பன் தரையிலிருந்து, "யாருண்ணே பிடிக்கணும்?"

"மத்தவங்க."

"மத்தவங்க எங்க?"

"இந்தா, உனக்குப் பக்கத்துலதான் கிடக்கோம்."

"நீங்க ஏன் பிடிக்கல?"

"நீ பிடிப்பேன்னு நம்பினேன்டா!"

விழாமல் நின்றது ஒரே ஒரு ஜீவன். சுவரில் மறுபடியும் அதே பெயர். அரங்கநாயகம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதிப்பெண்ணைச் சரிபார்த்து, தலையை ஆட்டினார்.

இனி வீரபத்திரனுக்கான பெரிய ஆட்டம். என்ன ஆட்டம் என்று வாதம் நடந்தது. கபடி என்றான் மாசிலாமணி. வீரபத்திரன் ஏற்கெனவே பயணிகளோடு தினமும் அதைத்தானே ஆடுகிறான் என்றாள் பஞ்சவர்ணம். கடைசியில் தாயம் என்று தீர்ந்தது. தாயத்தில்தான் பொறுமை இருக்கிறது.

ஆடத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இரண்டு கட்டைகளை உருட்ட வேண்டும். ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறும் பக்கமும் மேலே வந்தால் அது தாயம். தாயம் விழாமல் யாருடைய காயும் கட்டத்துக்குள் இறங்க முடியாது. அடுத்தவர் காய் நிற்கிற கட்டத்தில் நம் காய் போய் நின்றால் வெட்டு. வெட்டுப்பட்ட காய் புறப்பட்ட இடத்துக்கே போக வேண்டும். மறுபடி உள்ளே வர மறுபடி தாயம். அவ்வளவுதான் சங்கதி. குழந்தைகள் கூட ஆடும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கையில் கொடுக்கக் கூடாது.

"ஆட்டம் வேலை செய்யற இடம் மாதிரியே இருக்கணும்னு சொன்னாரு," என்றார் அரங்கநாயகம். "வேலை செய்யற இடம் எது?"

"டெப்போ."

"அப்ப கட்டத்தை டெப்போவுலதான் போடணும். காய்?"

"காய் மாதிரி எதையாச்சும்..."

"மாதிரி எதுக்குடா? பஸ்ஸே இருக்கு."

எல்லாரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

டெப்போ மைதானம் முழுக்கச் சுண்ணாம்பால் கட்டம் போட்டார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பஸ் தாராளமாக நிற்கும். மாசிலாமணி ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல குணத்தை ஆளுயர எழுத்தில் எழுதினான். பொறுமை. பணிவு. புன்சிரிப்பு. அந்தந்தக் கட்டத்தில் நிற்கிறபோது அதன்படி நடக்க வேண்டும். பிறகு கட்டைப் பிரச்சினை வந்தது.

"பஸ் இம்மாம் பெரிசு. விரல் நீளக் கட்டையை உருட்டினா நல்லாவா இருக்கும்?" என்றான் இருளப்பன். கேட்டவனே போய், விழுந்து கிடந்த பனைமரத்தை இரண்டு துண்டாக அறுத்துச் சதுரமாகச் செதுக்கிவிட்டான். சட்டி அகலத்துக்குப் புள்ளி வைத்தான். ஒன்றை உருட்ட நாலு ஆள் வேண்டும்.

தில்லைநாயகி அம்மாள் வந்து பார்த்தார். கட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. முதலாளிக்கும் அதே விதின்னு அந்த சார் சொன்னாரு," என்றார் அரங்கநாயகம்.

"எனக்கும் அதே விதிதான். நான் சொன்ன சொல் மாறமாட்டேன்," என்று எல்லார் முன்னாலும் சொன்னார் அம்மாள். அங்கேதான் வினை. அம்மாளும் எங்கள் ஊரில் பிறந்தவர்தானே.

திருவிழாக் காலை. கரட்டுமலைக் கோயிலுக்குப் போக பஸ் நிறைய ஜனம். வேறு பஸ் இல்லாததால் வீரபத்திரனைச் சகித்துக்கொண்டு ஏறியிருந்தார்கள். வீரபத்திரனுக்கு இது ஆட்டம் என்றே தெரியாது. ஆடுகிறவருக்கு யாரும் எதையும் சொல்லித்தரக் கூடாது, அவரே உணர வேண்டும் என்பது அந்த சார் வாக்கு. டிரைவர் சவரிமுத்துவுக்கு மட்டும் அம்மாள் உத்தரவு: அரங்கநாயகம் கொடி அசைத்தால் நகரு, தரையில் எழுதியிருக்கிறபடி நடந்துகொள்.

நாலு பேர் பனந்துண்டுகளை உருட்டினார்கள். முதல் உருட்டிலேயே தாயம். அரங்கநாயகத்துக்குக் கண் கலங்கியது. சாய்வு நாற்காலி தப்பித்தது என்று நினைத்தார்.

பஸ் கட்டத்துக்குள் இறங்கியது. அடுத்த உருட்டலில் போய் நின்ற இடம், புன்சிரிப்பு.

"டேய் வீரா," என்றார் சவரிமுத்து எட்டிப் பார்த்து, "சிரிக்கணுமாம்."

"யாரு?"

"நீதான். அம்மா உத்தரவு."

வீரபத்திரன் பயணிகள் பக்கம் திரும்பிச் சிரித்தான். பழக்கமில்லாத வேலை. முதல் சீட்டில் இருந்த குழந்தை வீறிட்டது. பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "ஏதோ செய்யப் போறான், இறங்குங்க, இறங்குங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நிமிஷத்தில் பாதி பஸ் காலி.

"மாப்பிள்ளை, போதுங்க," என்று சொல்ல அரங்கநாயகத்துக்கு நாக்கு துடித்தது. சொல்லித்தரக் கூடாதே. கொடியைக் கடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கல்லுப்பட்டி பஸ் உள்ளே வந்தது. அதில், அந்த ஊரில் குடியிருக்கும் தில்லைநாயகி அம்மாள். கோயில் முதல் மரியாதை அவருக்குத்தான். பட்டுப்புடவையோடு முன் சீட்டில் இருந்தார். அந்த பஸ் வழக்கமான இடத்தில் நின்றது. வழக்கமான இடம் இப்போது கட்டத்துக்குள் இருந்தது. கட்டத்தின் பெயர் பணிவு.

நாலு பேர் கட்டையை உருட்டினார்கள். அரங்கநாயகம் புள்ளியை எண்ணினார். கட்டத்தை எண்ணினார். மறுபடி எண்ணினார்.  கொடியை அசைத்தார். வீரபத்திரன் பஸ் உருண்டு போய்க் கல்லுப்பட்டி பஸ்ஸின் மூக்கைத் தொட்டு நின்றது.

"வெட்டு!" என்று மாசிலாமணி கத்தினான். அவனால் அடக்க முடியவில்லை. சின்ன வயசிலிருந்தே தாயத்தில் வெட்டு என்றால் அவனுக்கு அப்படி ஒரு பிரியம்.

"என்னய்யா வெட்டு?" என்றார் அம்மாள் ஜன்னல் வழியாக.

"உங்க பஸ்ஸு வெட்டுப்பட்டுப் போச்சும்மா," என்றார் அரங்கநாயகம், தலையைக் குனிந்தபடி. "புறப்பட்ட இடத்துக்கே போகணும்."

"கல்லுப்பட்டிக்கா?"

"விதி எல்லாருக்கும்..."

அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "எடுய்யா வண்டியை," என்றார் தன் டிரைவரிடம். அத்தனை ஜனத்தோடும் அந்த பஸ் திரும்பிக் கல்லுப்பட்டிக்குப் போனது. கடைசி சீட்டில் ஒரு கிழவர் இறங்க வேண்டும் இறங்க வேண்டும் என்று தட்டிக்கொண்டே போனார்.

"அடுத்து யாரு முறை?" என்றான் இருளப்பன்.

"அம்மா முறை."

"அம்மா இல்லையே."

"வரணும்னா தாயம் விழணும்."

"தாயம் விழணும்னா அவங்க வந்து உருட்டணும்."

குழு தரையில் உட்கார்ந்தது.

"அடுத்தவங்க முறையில நாம உருட்டலாமா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"தப்பு. முறை வர்ற வரைக்கும் காத்திருக்கறதுதான் பொறுமை. அதுக்குத்தானே ஆட்டமே."

"கட்டையைக் கல்லுப்பட்டிக்குக் கொண்டுபோனா?"

"எதுல?"

"பஸ்ஸுல."

"பஸ் நகரக் கூடாதே."

வெயில் ஏறியது. பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வீரபத்திரன் விசிலை ஊதி ஊதி ஓய்ந்தான். மலைக்கோயில் மேளம் இங்கே வரைக்கும் கேட்டது. அரங்கநாயகத்தின் போன் அடித்தது.

"இன்னும் தாயம் விழலையா?" கல்லுப்பட்டியிலிருந்து அம்மாள். குரலில் இடி.

"உங்க முறைம்மா. நீங்க உருட்டணும்."



"கேளும். எனக்குப் பதிலா அங்க யார் வேணும்னாலும் உருட்டட்டும். யார் தாயம் போட்டு என்னை அங்க கொண்டு சேர்க்கறாங்களோ அந்த கண்டக்டர் வேலை அவங்களுக்கு. உம்ம மாப்பிள்ளை போட்டா அவனே இருக்கட்டும். வேற யாராச்சும் போட்டா, அவன் பெட்டியைக் கட்டட்டும். இது என் வாக்கு."

அரங்கநாயகம் போனை வைத்தார். இனிச் சொல்லித்தரலாம் என்று அவருக்குத் தோன்றியது. உருட்டுகிறவர் அம்மாளுக்குப் பதில் உருட்டுகிறவர்தானே.

"மாப்பிள்ளை, இங்க வாங்க. இந்தக் கட்டையை உருட்டுங்க. உங்க வேலை இதுலதான் இருக்கு."

"என் வேலைக்கும் இந்த மரத்துக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"சாய்வு நாற்காலிக்கும் இதுக்கும்கூட சம்பந்தம் இருக்கு. உருட்டுங்க!"

வீரபத்திரன் ஒற்றை ஆளாகத் தோள் கொடுத்து உருட்டினான். ஆறு. மறுபடி உருட்டினான். இரண்டு கட்டையிலும் வெறும் பக்கம், பன்னிரண்டு. மற்ற நாளில் பன்னிரண்டு விழுந்தால் துள்ளிக் குதிப்பார்கள். அன்று ஊரே தலையில் அடித்துக்கொண்டது. "விழுடா தடிமரமே!" என்று கட்டையைத் திட்டினான். ஐந்து. கட்டைக்கும் அவன் பேச்சு பிடிக்கவில்லை.

பிறகு அம்மாள் வாக்கை அரங்கநாயகம் எல்லாருக்கும் சொன்னார், ஆளாளுக்கு முயன்றார்கள். பூக்காரம்மா துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு உருட்டினாள். சவரிமுத்து உருட்டினார். யாருக்கும் விழவில்லை. களைத்துப்போய் எல்லாரும் பஸ் நிழலில் சாய்ந்தார்கள். ஒரு கட்டை மட்டும் வெறும் பக்கத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மற்றது ஒரு கல்லின் மேல் ஏறி, நிலையில்லாமல் ஆடிக்கொண்டு, மூன்று புள்ளியைக் காட்டியது.

பஞ்சவர்ணத்தின் ஆடு மெதுவாக வந்தது. மூன்று புள்ளிக் கட்டையின் மேல் ஏறியது. உயரமான இடம் என்றால் ஆடு ஏறத்தானே செய்யும். அந்தப் பக்க ஓரத்தில் ஒட்டியிருந்த பூவரச இலையை எட்டியது. கட்டை சாய்ந்தது. ஆடு குதித்தது. கட்டை உருண்டு நின்றது.

ஒற்றைப் புள்ளி.

மற்றதில் வெறும் பக்கம்.

"செல்லாது!" என்றான் வீரபத்திரன். "ஆடெல்லாம் கணக்கா?"

"அம்மா என்ன சொன்னாங்க? யார் வேணும்னாலும்னுதானே?" என்றாள் பஞ்சவர்ணம். "என் ஆடு முறைப்படி பயிற்சி எடுத்தது. சுவத்துல போய்ப் பாருங்க. காது கொடுத்துக் கேட்டதுல முதலிடம். நம்பிக்கையில முதலிடம். நீங்க என்னத்துல முதலிடம்?"



எல்லாரும் அரங்கநாயகத்தைப் பார்த்தார்கள். ஆட்டத்தை வடிவமைத்தவர் அவர். தீர்ப்பு அவருடையது. செல்லாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் சாய்வு நாற்காலியை நினைத்தார். ஃபேனை நினைத்தார். மாட்டை நினைத்தார். சுவரில் இருந்த மதிப்பெண் அவரே சரிபார்த்தது. அதையும் நினைத்தார். முட்டாளாகவே இருந்து பழகிவிட்டால் பொய் சொல்லவும் புத்தி வருவதில்லை.

"தாயம்தான்," என்றார். கல்லுப்பட்டிக்குப் போன் போட்டுச் சொன்னார். கொடியை அசைத்தார்.

அம்மாள் வந்து சேர்ந்தார். தேர் இழுத்தார்கள். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். அந்தக் கிழவர் இறங்கிவிட்டார்.

தில்லைநாயகி அம்மாள் சொன்ன சொல் மாறவில்லை. மறுநாளே காக்கித் துணி எடுத்து ஆட்டுக்கு அளவெடுத்தார்கள். புதுக் கண்டக்டர் கழுத்தில் பை தொங்கும். ஜனங்களே பணத்தைப் போட்டு டிக்கெட்டைக் கிழித்துக்கொள்வார்கள். மிச்ச டிக்கெட்டை அது தின்றுவிடும். அதைத் தவிர ஒரு குறை கிடையாது. யாரையும் அதட்டாது. எவ்வளவு நேரம் பேசினாலும் குறுக்கே பேசாது. நடு வழியில் இறக்கிவிடாது. இப்போது அந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஏறுகிறவர்கள் அதை வாங்க, போங்க என்றுதான் சொல்கிறார்கள்.

வீரபத்திரன் சாய்வு நாற்காலியில் இருக்கிறான். அதனால் அரங்கநாயகம் காலையில் முதல் பஸ் ஏறிக் கடைசி பஸ் வரைக்கும் அதிலேயே சுற்றுகிறார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மாப்பிள்ளையைப் பற்றிக் கண்டக்டரிடம் எல்லாவற்றையும் சொல்வார். அது காது கொடுத்துக் கேட்கும்.

ஊரை அன்றைக்குக் கரையேற்றியது யார் என்று யாராவது கேட்டால் அவர் வாயால் சொல்வதில்லை. காக்கிச் சட்டையைக் காட்டுவார். மாசிலாமணி கைப்பட எழுதிய பட்டை அதில் குத்தியிருக்கும்: திருமதி மரகதவல்லி, கண்டக்டர்.